செடிக்குப் பெயர் ஒட்ட லேபிள் பிரிண்டர்: மெஷினுக்கு முன் டேப்பைப் பாருங்கள்

கைக்கு அடக்கமான லேபிள் பிரிண்டர்கள் இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டன. மளிகை டப்பாவில் பெயர் ஒட்ட, பிள்ளைகளின் நோட்டில் பெயர் ஒட்ட, கம்ப்யூட்டர் கேபிள்களைப் பிரித்து அடையாளம் வைக்க என்று வாங்குகிறார்கள். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களும் வாங்குகிறார்கள். "செடிகளுக்குப் பெயர் ஒட்டணும், எந்த மெஷின் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். முதலில் அது எந்த வகை டேப்பில் அச்சடிக்கிறது என்று கேளுங்கள். அடுத்து, தமிழ் அச்சடிக்குமா என்று கேளுங்கள். மெஷினின் விலை, கலர், பேட்டரி எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது. அதற்கான செலவு என் மதினியின் தோட்டத்து வரப்பில் போய் விழுந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எலுமிச்சையும் நாரத்தையும்

எங்கள் வீடு சங்கரன்கோவிலில். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் மாடியில் தொட்டி வைத்தவர்களில் நானும் ஒருவன். தக்காளி, கத்தரி, மிளகாய் என்று ஆரம்பித்து எலுமிச்சையில் வந்து நின்றது. எங்கள் ஊருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வந்த நல்ல பழங்களின் விதைகளைப் பாலிதீன் கவர்களில் போட்டேன். எலுமிச்சையை விதை போட்டு வளர்க்கலாம். பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே வரும். ஊறுகாய்க்கு வாங்கிய நாரத்தங்காயின் விதைகளையும் அதே வாரம் பக்கத்து வரிசையில் போட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு ஒரு லேபிள் பிரிண்டர் வாங்கினேன். செல்போனோடு புளூடூத்தில் இணையும். "மை வேண்டாம், ரிப்பன் வேண்டாம்" என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. எனக்கும் அதுதான் பிடித்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. நடந்தது அந்த ஒரு மெஷினின் தவறு அல்ல, அந்த வகை அச்சின் குணம். அறுபது லேபிள்கள் அடித்து, ஐஸ் குச்சிகளில் ஒட்டி, கவருக்கு ஒன்றாகக் குத்தி வைத்தேன். பார்க்க அரசாங்க நர்சரி மாதிரி இருந்தது.

பங்குனியில் எழுத்து மங்க ஆரம்பித்தது. சித்திரை முடிவதற்குள் பாதி லேபிள்கள் வெள்ளைக் காகிதமாகிவிட்டன. மொட்டை மாடிச் சூட்டில் சில லேபிள்கள் முழுவதும் கறுத்துப் போயின. மிச்சமிருந்த குச்சிகளை ஆடிக் காற்று பார்த்துக்கொண்டது. கவர்களை இடம் மாற்றி வைத்ததில் இரண்டு வரிசையும் கலந்துவிட்டது. இலையைக் கசக்கி முகர்ந்தால் தெரியுமே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த மூக்கு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2021 புரட்டாசியில், மழைக்கு முன்னால் வரப்பில் வைக்க மதினி பன்னிரண்டு எலுமிச்சைக் கன்று கேட்டார். நானே பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். 2024-ல் ஏழு மரங்கள் காய்த்தன. மற்ற ஐந்தும் இலை பெரிதாகப் போய்க்கொண்டிருந்தன. உரம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மதினி நினைத்தார். 2025-ல் அவையும் காய்த்தன. ஐந்தும் நாரத்தை.

"தம்பி, கிணத்துல தண்ணி இல்லாத நாள்லகூட குடத்துல கொண்டுபோய் ஊத்துனேன். நாரத்தைக்கா ஊத்துனேன்?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் போட்டு எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினார்.

மளிகை டப்பாவில் லேபிள் அழிந்தால் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். செடியில் லேபிள் அழிந்தால் காய்க்கும்வரை திறந்து பார்க்க முடியாது. செடி லேபிளையும் மற்ற லேபிளையும் ஒரே கண்ணால் பார்த்து மெஷின் வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்று வகை அச்சு

கையடக்க லேபிள் மெஷின்களில் மூன்று வகை உண்டு. மூன்றும் வேறு வேறு முறையில் வேலை செய்பவை.

முதல் வகை மிகப் பழையது. பேட்டரி கிடையாது. சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பிடியை அழுத்தினால் பிளாஸ்டிக் டேப்பில் எழுத்து புடைத்து வெள்ளையாகத் தெரியும். 1958-ல் அமெரிக்காவில் தொடங்கிய டைமோ நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. இதில் மையே இல்லை. பிளாஸ்டிக் இழுபடும் இடம் வெளுத்துப்போவதுதான் எழுத்தாகத் தெரிகிறது. மை இல்லாததால் அழிவதற்கும் மை இல்லை. ஆனால் சக்கரத்தில் ஆங்கில எழுத்துகளும் எண்களும்தான் இருக்கும்.

இரண்டாவது வகை, நான் முதலில் வாங்கியது. இதற்கு டைரக்ட் தெர்மல் என்று பெயர். லேபிளிலேயே சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசியிருப்பார்கள். மெஷினில் உள்ள தலை சூடாகித் தொடும் இடமெல்லாம் எழுத்தாகிறது. ஏ.டி.எம். சீட்டும் இதே வகைதான். அதை வெயிலில் நிற்கும் காரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எழுத்தை உண்டாக்கிய அதே சூடு, வெற்று இடத்தையும் கறுக்க வைக்கும். வெளிச்சம் எழுத்தை மங்க வைக்கும். வீட்டுக்குள் பயன்படுத்த, கூரியர் கவரில் ஒட்ட இது நல்ல மெஷின், மலிவானதும்கூட. மொட்டை மாடிக்கு ஆகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "வாட்டர்புரூஃப்" என்று போட்டிருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் பட்டால் அழியாது என்பது வேறு, வெயில் பட்டால் அழியாது என்பது வேறு. என் லேபிள்களை மழை ஒன்றும் செய்யவில்லை. வெயில்தான் முடித்து வைத்தது.

மூன்றாவது வகை தெர்மல் டிரான்ஸ்ஃபர். இங்கே சூடு லேபிளைக் கறுக்க வைப்பதில்லை. கேசட்டுக்குள் இருக்கும் ரிப்பனில் உள்ள மையை உருக்கி டேப்பில் ஒட்ட வைக்கிறது. இதிலேயே ஒரு படி மேலானது லேமினேட் டேப். பிரதர் நிறுவனத்தின் பி-டச் மெஷின்களில் போடும் டி.இசட்.இ. டேப் இதற்கு நல்ல உதாரணம். கண்ணாடி போன்ற ஒரு ஃபிலிமின் பின்பக்கத்தில் எழுத்து திருப்பி அச்சாகிறது. வெளியே வரும்போதே நிறமுள்ள அடி டேப் அதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. ஆக, மை இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் இருக்கிறது. விரலும் தண்ணீரும் மண்ணும் அதைத் தொடவே முடியாது. 2022 மார்கழியில் நான் இந்த வகையில் ஒட்டிய லேபிள்கள் அதன் பிறகு வந்த சித்திரை வெயில்களை எல்லாம் தாண்டி, இன்றும் படிக்கும்படி இருக்கின்றன.

கடையில் எந்த வகை என்று சொல்லத் தெரியாவிட்டால் நீங்களே சோதிக்கலாம். அச்சான லேபிளின் வெற்று இடத்தில் விரல் நகத்தால் வேகமாக ஒரு கோடு இழுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது டைரக்ட் தெர்மல். கோடு விழவில்லை என்றால் சூடான டீ டம்ளரில் சற்று நேரம் ஒட்டிப் பாருங்கள். மேல்பூச்சு போட்ட லேபிளாக இருந்தால் நகத்துக்குத் தப்பிவிடும், சூட்டுக்குத் தப்புவது கடினம்.

தமிழ் வேண்டுமா?

ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் அம்மா. கன்று வாங்கிப் போவது மதினி. இருவருக்கும் தமிழ்தான் வாசிக்க வரும். லேபிளை வாசிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நான் வாசிக்கும் மொழியில் எழுதி வைத்துவிட்டு "லேபிள் இருக்கிறதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சிறிய கீபோர்டும் ஒரு வரித் திரையும் உள்ள மெஷின்களில் ஆங்கிலம்தான் டைப் செய்ய முடியும். தமிழ் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரோடு யூ.எஸ்.பி.-யில் இணைவது அல்லது செல்போனோடு புளூடூத்தில் இணைவது, இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். இவை மெஷினுக்குள் இருக்கும் எழுத்தை நம்பியிருப்பவை அல்ல. கம்ப்யூட்டரில் உள்ள எழுத்தைப் படமாக்கி மெஷினுக்கு அனுப்புகின்றன. விண்டோஸில் லதாவும் விஜயாவும் நிர்மலாவும் யூனிகோட் தமிழ் ஃபாண்டுகள். இவற்றில் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதைக் கொண்டு அச்சடிக்கலாம். பழைய பைல்களில் பாமினி போன்ற ஃபாண்டில் செடிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செல்போன் ஆப் என்றால் வாங்கும் முன்பே இறக்கிப் பாருங்கள். பல ஆப்கள் மெஷின் இல்லாமலே லேபிளைத் திரையில் காட்டும். "கொய்யா", "கீழாநெல்லி", "பூவரசு", "நொச்சி" என்று டைப் செய்யுங்கள். கொம்பு தள்ளி நின்றாலோ, புள்ளி வட்டம் வந்தாலோ அந்த ஆப்பில் தமிழ் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். வேறு வழியே இல்லை என்றால் பெயரைப் படமாகச் செய்து ஆப்பில் சேர்க்கலாம். அறுபது செடிக்கு அப்படிச் செய்யும் பொறுமை எனக்கு இல்லை.

அடுத்தது டேப்பின் அகலம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கையடக்க மெஷின்களில் பல 12 மி.மீ. டேப் வரைதான் எடுக்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மி.மீ. டேப்பில் ஓரம் போக அச்சாவது சுமார் 9 மி.மீ. அங்குலத்துக்கு 180 புள்ளி என்றால் மில்லிமீட்டருக்கு 7 புள்ளி; மொத்தம் 60-ஐ ஒட்டிய புள்ளிகள். இரண்டு வரி போட்டால் வரிக்கு 30 புள்ளி. அதில் மேலே விசிறிக்கும் கீழே உகரச் சுழிக்கும் இடம் விட்டால் எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது பாதிதான். "ண"-வும் "ன"-வும், "ழ"-வும் "ள"-வும் பிரிந்து தெரிய அது போதாது. குனிந்து பார்க்கும் வயதானவர்களுக்கு நிச்சயம் போதாது. 12 மி.மீ. என்றால் ஒரே வரி போடுங்கள். பெயரும் தேதியும் வேண்டும் என்றால் 18 அல்லது 24 மி.மீ. எடுக்கும் மெஷினைத் தேடுங்கள். பி-டச் வரிசையிலேயே சிறிய கியூப் 12 மி.மீ. வரை, கியூப் பிளஸ் 24 மி.மீ. வரை எடுக்கும். பெயர் ஒன்று போல இருந்தாலும் வித்தியாசம் இதுதான்.

எண்ணும் பதிவேடும்

லேபிள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் குச்சியோடு பிடுங்கிப் போகலாம். குழந்தைகள் மாற்றிக் குத்தலாம். அதனால் பெரிய தாவரவியல் பூங்காக்கள் பெயரை மட்டும் நம்புவதில்லை. லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் செடிகளுக்குப் பெயரோடு ஒரு பதிவு எண்ணும் உண்டு. அதன் முதல் நான்கு இலக்கங்கள் செடி தோட்டத்துக்கு வந்த வருடம். எங்கிருந்து வந்தது போன்ற விவரங்கள் பதிவேட்டில் இருக்கும்.

நாமும் இதை வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்யலாம். எக்ஸெலில் ஐந்து காலம் போதும்: எண், தமிழ்ப் பெயர், ரகம், விதைத்த தேதி, விதை வந்த இடம். பி-டச் எடிட்டர் போன்ற சாப்ட்வேரில் இந்தப் பட்டியலை இணைத்துவிட்டால், ஒரு லேபிளை மட்டும் வடிவமைத்து, அறுபதையும் வரிசையாக அடித்துக்கொள்ளலாம். சி.எஸ்.வி. பைலாகக் கொடுப்பதானால் யூ.டி.எஃப்-8 என்ற தேர்வில் சேமியுங்கள். இல்லாவிட்டால் தமிழ் இருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறியாக வரும்.

லேபிளில் பெயர் பெரிதாக, எண்ணும் மாதமும் சிறிதாக இருக்கட்டும். கியூ.ஆர். கோடு போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம். ஆனால் அதைப் பெயருக்குப் பதிலாகப் போடாதீர்கள். தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

டேப் கணக்கு

மெஷின் ஒரு முறை செலவு. டேப் ஒவ்வொரு முறையும் செலவு. டி.இசட்.இ. கேசட் ஒன்றில் பொதுவாக 8 மீட்டர் டேப் இருக்கும். ஆனால் இந்த மெஷின்களில் ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் முன்பக்கம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வெறும் டேப் வீணாகிறது. ஆறு சென்டிமீட்டர் லேபிளைத் தனித்தனியாக அடித்தால் ஒரு கேசட்டில் 94 லேபிள். எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாக அடித்துக் கத்தரியால் வெட்டினால் 130. கேசட் விலையை இந்த எண்ணால் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மெஷினை வாங்கிய கடையில் அதன் கேசட்டும் எப்போதும் இருக்குமா என்றும் கேளுங்கள். கேசட் கிடைக்காத மெஷின் வெறும் பொம்மை.

எதில் ஒட்டுவது என்பதும் முக்கியம். பாலிதீன் கவரிலும் குரோ பேக்கிலும் பசை பிடிக்காது. மண் தொட்டியின் சொரசொரப்பிலும் மரக் குச்சியிலும் ஓரம் கிளம்பிவிடும். நான் கண்டது, அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகள். தட்டையான துண்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டிவிட்டால் காற்றுக்கும் அசைவதில்லை. வெள்ளை அல்லது மஞ்சள் டேப்பில் கறுப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும்.

எல்லாச் செடிக்கும் வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். அவற்றுக்குப் பிளாஸ்டிக் பட்டையைக் கொஞ்சம் உப்புத்தாளால் தேய்த்து, 2பி பென்சிலால் எழுதிக் குத்துங்கள். பென்சிலில் இருப்பது கிராஃபைட். அது கரி இனம், வெயிலில் வெளுக்காது. பால்பாயிண்ட் பேனாவும் "பெர்மனென்ட்" என்று எழுதிய மார்க்கரும் வெயிலில் அதற்கு முன்பே போய்விடும். இதற்கு மெஷினே தேவையில்லை.

மா, எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை, மூலிகை என்று வருடக்கணக்கில் நிற்பவற்றுக்கும், அடுத்தவருக்குக் கொடுக்கப் போகும் கன்றுகளுக்கும் லேமினேட் டேப் போடுங்கள். இருபது செடி மட்டும் வைத்திருப்பவர் மெஷின் வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தெருவில் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும். பட்டியல் அவரவர் கம்ப்யூட்டரில், மெஷின் ஒருவர் வீட்டில்.

சுருக்கமாகச் சொன்னால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. டேப் லேமினேட் வகையா? கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ இருந்து தமிழ் அச்சடிக்குமா? எத்தனை மி.மீ. அகலம் வரை எடுக்கும்? கேசட் என்ன விலை, தொடர்ந்து கிடைக்குமா? நான்குக்கும் பதில் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் வாங்கலாம்.

இந்த வருடம் மதினிக்கு ஐந்து எலுமிச்சைக் கன்றுகள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அலுமினியப் பட்டை, 24 மி.மீ. வெள்ளை டேப், பெரிய எழுத்தில் பெயர், கீழே எண். கொடுப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒவ்வொரு கன்றின் இலையையும் முகர்ந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். லேபிள் சரியாக இருந்தாலும், அதை ஒட்டியவன் நான்தானே.